ஒன்பது வருடம் பச்சையாகவே நின்ற வயல்

இந்த வயலை நான் பார்த்ததில்லை. பார்த்தவர் சொல்லக் கேட்டதைத்தான் எழுதுகிறேன். சொன்னவர் என் விடுதித் தோழி சுடர்விழியின் அம்மா மலர்க்கொடி. ஒரு பொங்கல் விடுமுறைக்கு மணலோடையில் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, மத்தியானச் சாப்பாடு முடிந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவர், நான் படிப்பது வேளாண்மை என்று தெரிந்ததும், "அப்ப ஒன்னு கேக்குறேன், உனக்குத் தெரியுதா பாரு" என்று ஆரம்பித்துப் பொழுது சாயும்வரை சொன்னார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிவிடுவேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்களில் ஒன்று சித்தேரிக்குடி. மலர்க்கொடி பிறந்த ஊர் அதுதான். அங்கே பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்த்து, பலகாரம் தின்று, காப்பி குடித்ததும் எழுந்து போய்விட மாட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பெண் வீட்டு வயலைப் பார்க்கப் போவார்கள். பெண்ணை ஒரு நாளில் சிங்காரித்துவிடலாம், வயலை அப்படிச் சிங்காரிக்க முடியாது என்பது அவர்கள் எண்ணம். வரப்பில் நின்று பயிரின் நிறத்தைப் பார்த்தால் போதும், அந்த வீட்டில் மாடு இருக்கிறதா, எருக்குழி நிறைகிறதா, கோடையில் ஆட்டுக்கிடை போட்டார்களா, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்பதுவரை சொல்லிவிடுவார்கள். ஆட்டுக்கிடை என்பது, அறுப்பு முடிந்து வயல் வெறுமனே கிடக்கும் நாட்களில், தெற்கிலிருந்து மந்தையோடு வரும் கீதாரிகளைக் கூப்பிட்டு, ராத்திரிதோறும் ஆடுகளை வயலிலேயே அடைத்துவைப்பது. புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கினால் அடுத்த சம்பாவுக்கு அதுவே பாதி உரம்.

அந்த ஊரில் பக்கிரிசாமி என்பவருக்கு ஆறு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டு, இருந்தது; ஒரு பெண்ணும் இருந்தாள். பெண்ணின் பெயர் தையல்நாயகி. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் வீட்டையும் வயலையும் அவளே பார்த்தாள். அவளுக்கு இருபத்திரண்டு முடிந்த வருடம் பக்கிரிசாமி தன் உழவு மாடு இரண்டையும் விற்றிருந்தார், எருக்குழி காய்ந்து கிடந்தது, கிடையும் போடவில்லை. கார்த்திகை பிறந்தபோது அவர்கள் பயிர் மட்டும் காமாலை கண்டதுபோல் மஞ்சளாய் நின்றது. அந்தச் சமயம் பார்த்துத்தான் மணலோடையிலிருந்து ரெத்தினவேல் வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். தையல்நாயகிக்கு ரெத்தினவேலைத் தெரியும். மணலோடைத் தேரன்று தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தவன், அவளுக்கு மட்டும் இரண்டாவது டம்ளர் கேட்காமலே ஊற்றியவன்.

"இந்த நெறத்தோட காட்டுனா வந்த வழியே போயிடுவாங்க" என்றார் பக்கிரிசாமி.

"யூரியா போட்டா எத்தனை நாள்ல கறுக்கும்ப்பா?"

"நாலஞ்சு நாள்ல கறுத்துடும்."

"எத்தனை மூட்டை போடணும்?"

"நம்ம வயலுக்கு இப்ப ஒன்னரை மூட்டை போதும்."

"அஞ்சு போடுங்க."

"அஞ்சா? பயிரை வளக்கப் போறியா, கொளுத்தப் போறியா?"

"அவங்கம்மா ரொம்பப் பாப்பாங்களாம்ப்பா" என்றாள் தையல்நாயகி.

இதை அவளே பிறகு ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அப்பா மேல் பழி வரக்கூடாது என்று, அஞ்சு என்று சொன்னது நான்தான் என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எதிரெதிர் வரப்பிலிருந்து தொடங்கி, சவ்வரிசிபோல் வெள்ளை வெளேரென்று இருந்ததை, கைக்குச் சில்லென்று இருந்ததை, வீசி வீசி நடுவயலில் வந்து சந்தித்தார்கள். தண்ணீரை வடிக்கவில்லை, வேப்பம் புண்ணாக்கு கலக்கவில்லை, அதற்கெல்லாம் பொழுதில்லை.

எட்டாம் நாள் ரெத்தினவேல் வீட்டார் வந்தார்கள். அவன் அம்மா குஞ்சம்மாள் வரப்பில் ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். வயல் அத்தனை பச்சையாக இருந்தது. கிளிப் பச்சையும் இல்லை, வாழையிலைப் பச்சையும் இல்லை, மழைக்கு முந்திய மேகத்தைப் பிழிந்து ஊற்றியதுபோல் ஒரு கரும்பச்சை. காற்றடித்தபோது அந்தப் பச்சை எழுந்து குஞ்சம்மாளின் வெள்ளைச் சேலையில் படிந்து திரும்பிப் போனது.

"என்னா பச்சை" என்றார் குஞ்சம்மாள். "கண்ணைக் கழுவி உட்டாப்புல இருக்கு. இங்க பாருங்க, வேற சீரு செனத்தி ஒன்னும் நான் கேக்கல. இந்த வயலு அரிசியைப் பொங்கித்தான் கல்யாணச் சோறு போடணும். அறுப்பு முடியட்டும். மொத மரக்கா அரிசி எங்க வூட்டுக்கு வரட்டும். அன்னைக்கே நாள் குறிச்சுடுவோம்."

கோயில் வாசலில் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். தேதி என்று ஒன்று யாரும் சொல்லவில்லை. தை கடைசியில் அறுப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அந்தப் பக்கத்துச் சொல் அப்படித்தான், நாட்காட்டியைப் பார்த்துக் கொடுப்பதில்லை, வயலைப் பார்த்துக் கொடுப்பது, கொடுத்தால் இரண்டு வீடும் அதிலேயே நிற்பது.

தை வந்தது. சுற்றியுள்ள வயல்கள் பால் பிடித்து, பழுத்து, தலை சாய்ந்தன. பக்கிரிசாமி வயலில் ஒரு கதிர்கூட எட்டிப் பார்க்கவில்லை. தோகை மேல் தோகையாக விட்டுக்கொண்டிருந்தது. ரெத்தினவேல் ஆள் அனுப்பினான். "இன்னும் பத்து நாள்" என்று சொல்லியனுப்பினார் பக்கிரிசாமி. பத்து நாள் கழித்து மறுபடி ஆள் வந்தது. "இன்னும் பத்து நாள்." மாசி போனது, பங்குனி போனது, சித்திரையில் வாய்க்கால் வறண்டு, ஊரெல்லாம் நிலம் வெடித்து, வெடிப்பில் கோழிக்குஞ்சு விழுந்துவிடும் என்று கூடையைப் போட்டு மூடிவைத்த காலத்தில், அந்த ஆறு மா மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கரும்பச்சையாகவே நின்றது. அடுத்த ஆடி வந்தது, பக்கத்து வயல்களில் புது நாற்று விட்டார்கள், அது நின்றது. அடுத்த தை வந்தது, பக்கத்து வயல்களில் அறுத்தார்கள், அது நின்றது.

இங்கே மலர்க்கொடி நிறுத்தி, "ஏன் அப்படி நின்னுச்சு? அதான் உன்னைக் கேக்குறேன்" என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: தழைச்சத்து அளவுக்கு மேல் போனால் பயிர் இலையாகவே வளரும், கதிர் வருவது தள்ளிப்போகும், தண்டு வலுவிழந்து சாயும், பூச்சி அதிகம் வரும், வருகிற நெல்லிலும் பதர் மிகுதியாக இருக்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன்.

"எத்தனை நாள் தள்ளிப் போவும்?"

"ஒரு வாரம்... போனா பத்து நாள்" என்றேன்.

"அவங்களும் அதைத்தான் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி முறத்தைத் தட்டினார்.

முதல் வருடம் ஊர் அதை ஒரு வியாதியாகப் பார்த்தது. வேளாண்மை ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. மஞ்சள் கலந்த பச்சையிலிருந்து கரும்பச்சைவரை வரிசையாகப் பட்டைகள் போட்டிருக்கும், பயிரின் இலையை அதன் மேல் வைத்து எந்தப் பட்டைக்குச் சமம் என்று பார்த்தால் உரம் போட வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். அவர் தன் நிழல் இலையில் விழும்படி நின்றுகொண்டு, ஒவ்வொரு பட்டையாக நகர்த்திக் கடைசிப் பட்டைவரை போய், அதற்கப்புறமும் அட்டையின் ஓரம்வரை போனார். "அட்டை முடிஞ்சிடுச்சுங்க" என்றார். அட்டையில் இல்லாததை அவர் எங்கே போய் எழுதுவார்? மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாம் வருடம் ஊர் அதை ஒரு வசதியாகப் பார்த்தது. மாட்டுக்கு அறுத்துப் போட்டார்கள். காலையில் அறுத்தால் சாயங்காலம் அதே உயரம் நின்றது. ஆனால் அதைத் தின்ற மாடுகள் பாலை மட்டும் குடம் குடமாகக் கொடுத்தன, அந்தப் பாலில் ஆடை கட்டவில்லை, எத்தனை உறை ஊற்றினாலும் தயிர் தோயவில்லை, ஆகவே அதையும் விட்டார்கள். புகையான் பூச்சி ஒரு மேகமாய் வந்து இறங்கியது; ஒரு மாதம் தின்று, தீராமல் சலித்துப்போய் எழுந்து அடுத்த ஊருக்குப் போனது.

மூன்றாம் வருடத்திலிருந்து ஊர் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. "பச்சைக்குத் தெக்கால ரெண்டாவது வீடு" என்று விலாசம் சொன்னார்கள். பேருந்து நடத்துநர் "பச்சை எறங்கு" என்றார். கிராம நிர்வாக அலுவலர் பருவத்துக்கொரு முறை வந்து, தன் பதிவேட்டில் பயிர் நெல், நிலை வளர்ச்சியில் என்று எழுதி, அடுத்த பருவத்துக்கு அதையே பார்த்து எழுதினார். கண் வலி வந்த குழந்தைகளைக் கொஞ்ச நேரம் வரப்பில் உட்காரவைத்தார்கள். கோடையில் வரும் கீதாரிகளுக்கு மட்டும்தான் அது இடைஞ்சல். பயிர் நிற்கும் வயலுக்குள் ஆடு இறங்கினால் வம்பு என்று மந்தையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார்கள், பிறகு அந்தத் திசைக்கே வராமல் போனார்கள். அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் தங்கள் பயிர் சோகை பிடித்ததுபோல் தெரிகிறதே என்று ரோசப்பட்டு அக்கம்பக்கத்து வயல்காரர்களும் ஒன்றரை போடும் இடத்தில் மூன்று போட்டார்கள். அவர்களுக்கு அந்த அதிசயம் வாய்க்கவில்லை. அவர்கள் பயிர் கொழுத்து, முதல் காற்றிலேயே பாய் விரித்ததுபோல் சாய்ந்து, தூற்றினால் பாதி பதராய்ப் பறந்தது.

எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, நாலாவது வருடமாக இருக்கலாம் என்றார் மலர்க்கொடி. ஊரில் ஒரு பெண்ணைப் பார்க்க வந்தவர்களை, அவர்கள் வீட்டு வயல் நடவுகூட ஆகாமல் சேறாய்க் கிடந்ததால், பக்கிரிசாமி வயலுக்கு அழைத்துப்போய் "இதான் நம்ம வயலு" என்று காட்டினார்கள். வந்தவர்கள் என்னா பச்சை என்றார்கள், தாம்பூலம் மாற்றினார்கள். அடுத்த மாதம் இன்னொரு வீட்டார் வந்து, அண்டா குண்டா இரவல் கேட்பதுபோல், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்துக்கு வயல் வேண்டும் என்று கேட்டார்கள். நல்ல காரியத்துக்குக் கேட்பதை எப்படி இல்லை என்பது? அதன்பின் அந்த ஊரில் எந்தப் பெண்ணைப் பார்க்க வந்தாலும் அந்த வயலைக் காட்டுவது முறையாகிவிட்டது. வந்தவர்களுக்கும் அது தெரிந்துவிட்டது. தெரிந்தும் வரப்பில் ஏறி நின்று என்னா பச்சை என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். சொல்லாவிட்டால் சம்மதமில்லை என்று அர்த்தம். அந்த வயலைக் காட்டி மூன்று வருடத்தில் பதினாலு பெண்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. அப்போதெல்லாம் தையல்நாயகி பெரும்பாலும் வயலுக்குள்ளேதான் இருப்பாள். என்றைக்காவது கதிர் வரத்தானே வேண்டும், வரும்போது களை மண்டிக் கிடக்கக் கூடாது என்று, ஒன்பது வருடமும் அந்த வயலில் களை பறித்தாள்.

ரெத்தினவேல் ஆறு வருடம் காத்திருந்தான். இதை அவன்மேல் குறை சொல்லாமல் எழுத வேண்டும் என்று மலர்க்கொடி கேட்டுக்கொண்டார். அவனும் அவளும் இடையில் இரண்டு தடவை பேசியிருக்கிறார்கள், வரப்பில் நின்று, நாலு பேர் பார்க்க. முதல் தடவை அவன், "அரிசியும் வேணாம் ஒன்னும் வேணாம், கெளம்பி வா" என்றான். "உங்கம்மா கேட்டது நியாயமான ஒன்னே ஒன்னுதான், அதைக்கூடக் கொடுக்காம எந்த மொகத்தோட வர்றது?" என்றாள் அவள். இரண்டாம் தடவை அவள், "நான் வேணா வந்துடட்டா?" என்று கேட்டாள். அப்போது அவன், "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றான். அவ்வளவுதான் அவர்கள் பேசியது.

ஏழாம் வருடம் ஆவணியில் தருமலிங்கம் என்பவர் தையல்நாயகியைத் தேடி வயலுக்கு வந்தார். அவர் மலர்க்கொடியின் அப்பா.

"ஞாயித்துக்கெழம நம்ம மலரைப் பாக்க வராங்க ஆயி. வயலு வேணும்."

"அதுக்கென்ன சித்தப்பா. எந்த ஊரு?"

தருமலிங்கம் வரப்புப் புல்லைக் காலால் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"மணலோடை" என்றார்.

"யாரு வூடு?"

அவர் துண்டை எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டார். தையல்நாயகி கையிலிருந்த கோரையை வரப்பில் வைத்துவிட்டு, "காட்டுங்க சித்தப்பா" என்றாள். பிறகு, "காலையில பனி காயுறதுக்குள்ள காட்டாதீங்க, வரப்பு வழுக்கும். ஒம்பது மணிக்கு மேல அழைச்சிட்டு வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மேல் வந்தார்கள். ரெத்தினவேலும் குஞ்சம்மாளும் இன்னும் ஐந்தாறு பேரும், ஏழு வருடத்துக்கு முன் எந்த வரப்பில் ஏறினார்களோ அதே வரப்பில் ஏறினார்கள். பெண் வீட்டு வாசலிலிருந்து பார்க்கிற தூரத்தில்தான் வயல் இருந்தது, ஆகவே இதை மலர்க்கொடி கண்ணால் பார்த்திருக்கிறார். தருமலிங்கம் சொல்ல வேண்டியதைச் சொன்னார்: "இதான் நம்ம வயலு." குஞ்சம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒரு எலை மாறல" என்றார். அதற்கப்புறம், சொல்ல வேண்டிய முறை என்பதால், "என்னா பச்சை" என்றார். வயலுக்கு நடுவில் ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. களை பறித்துக்கொண்டே போனது, நிமிரவில்லை. ரெத்தினவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவர்தான் இவ அப்பா" என்று மலர்க்கொடி சுடர்விழியைக் காட்டினார். சுடர்விழிக்கு இது புதிதில்லை போலிருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு சொல்லிக்கலாம்" என்றார் மலர்க்கொடி. "தெரியும். ஊருக்கே தெரியுறது எனக்குத் தெரியாதா? எனக்கு அப்ப இருவத்தஞ்சு. ரெண்டு எடம் வந்து தட்டிப் போயிருந்துச்சு. மூணாவதும் போயிடப்படாதேன்னுதான் சாமி கும்புட்டேன். அந்த அக்கா ஒரே ஒரு தடவை நிமுந்திருந்தா கலைஞ்சிருக்கும். நிமுந்துடப்படாதுன்னும் கும்புட்டேன்."

மலர்க்கொடி மணலோடைக்கு வந்துவிட்ட பிறகு நடந்ததை, அம்மா வீட்டுக்குப் போய்வந்த நாட்களில் கேட்டுத் தெரிந்துகொண்டார். பக்கிரிசாமிக்கு உடம்பு முடியாமல் போனது. படுக்கையிலிருந்து தினமும், "தல சாஞ்சிருக்கா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்று தினமும் சொன்னாள் தையல்நாயகி. ஒன்பதாம் வருடம் தை மாதம் ஒரு நாள், அவர் கேட்டபோது, "சாஞ்சிருக்குப்பா" என்றாள்.

"எல்லாமா?"

"எல்லாந்தான். ஒன்னோட ஒன்னு ஒரசுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது பாருங்க."

பக்கிரிசாமி காது கொடுத்துக் கேட்டார். "ஆமா" என்றார். "அப்ப மணலோடைக்குச் சொல்லியனுப்பு." ரெத்தினவேலுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆனதை அவர் மறந்திருந்தார். "அனுப்பிட்டேம்ப்பா" என்றாள். அவர் மூன்றாம் நாள் செத்துப்போனார்.

பதினாறு முடிந்ததும் தையல்நாயகி டிராக்டருக்குச் சொன்னாள். வயலை அப்படியே பச்சையோடு மடக்கி உழுதுவிடப் போகிறாள் என்று தெரிந்ததும் ஊர் திரண்டு வந்தது. ஊருக்கு அடையாளம் என்றார் ஒருவர். பேருந்து எங்கே நிற்கும் என்றார் ஒருவர். கடைசியாக ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம எம்பொண்ணைப் பாக்க வராங்கடி. நாலு நாளு பொறுத்துக்கயேன்."

தையல்நாயகி டிராக்டர்க்காரரைப் பார்த்து, "திங்கக்கெழம வாங்கண்ணே" என்றாள்.

அந்த ஞாயிறும் வயலைக் காட்டினார்கள், அந்தக் கல்யாணமும் கூடியது. திங்கட்கிழமை காலை டிராக்டர் இறங்கியது. ஒன்பது வருடத்துப் பச்சை மண்ணுக்குள் போக ஒன்பது சால் ஓட்ட வேண்டியிருந்தது. வாய்க்காலில் ஒரு வாரம் பச்சைத் தண்ணீர் ஓடியது, துவைத்த வேட்டிகளெல்லாம் பச்சையாயின. மண் அழுகி நாறி, பிறகு நாற்றம் போய் ஆறியது. பங்குனியில் அவள் பேருந்து ஏறிப் பட்டுக்கோட்டைப் பக்கம் போய்க் கீதாரிகளைத் தேடிப் பிடித்தாள்.

"அங்கனயா? அது பச்ச நிக்கிற வயக்காடுல்ல. நாங்க வரமாட்டோம்" என்றார் கீதாரி.

"மடக்கி உழுதுட்டேண்ணே. வெறுந்தரை."

"நெசமாவா?"

"வந்து பாருங்க. பச்சை இருந்தா திரும்பிப் போயிடுங்க."

பத்து நாள் கிடை கிடந்தது. ஆவணியில் நாற்று விட்டாள், புரட்டாசியில் நட்டாள், எருவைத் தவிர வேறெதுவும் போடவில்லை. பயிர் குட்டையாக, கொஞ்சம் வெளிறி, மற்ற வயல்களைப் போல ஒரு வயலாக நின்றது. வழியில் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. தை கடைசியில் தலை சாய்ந்தது. மாவுக்கு நாலு மூட்டைக்கு மேல் காணவில்லை, பக்கத்து வயலில் ஆறு கண்டார்கள். ஆனால் தூற்றும்போது அவள் களத்தில் பதர் பறக்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மாசி முதல் வாரத்தில் ஒரு பகல், மலர்க்கொடி வாசலில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, தலையில் சுமையோடு தையல்நாயகி நடந்து வந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு. சுடர்விழியின் அண்ணன் கைக்குழந்தை.

"அறுப்பு முடிஞ்சிடுச்சு" என்றாள். "மொத மரக்கா இங்க வரணும்னு சொல்லு இருக்குல்ல. அதான்."

மலர்க்கொடி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "உள்ள வாங்கக்கா" என்றார்.

"இருக்கட்டும். களத்துல ஆளு நிக்கிது. ஒரு ஏனம் கொண்டா."

மலர்க்கொடி குண்டானைக் கொண்டுவந்து நீட்ட, அவள் அரிசியைக் கொட்டினாள். ஒரு மணியும் வெளியே சிந்தாமல், மரக்காலின் அடியைத் தட்டிக் கொட்டினாள். உள்ளே படுத்திருந்த குஞ்சம்மாளுக்குக் குரல் கேட்டிருக்கும். எழுந்து வரவில்லை. தையல்நாயகி குழந்தையின் தலையை ஒரு தடவை தடவினாள். "அப்பா சாடை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அன்றைக்கே மலர்க்கொடி அந்த அரிசியைப் பொங்கினார். புது அரிசி குழையும் என்று பயந்தார், குழையவில்லை. மல்லிகை மொட்டுப்போல் விண்டு விண்டு நின்றது. ரெத்தினவேல் வந்து உட்கார்ந்து மூன்று கவளம் சாப்பிட்ட பிறகு நிமிர்ந்தார்.

"யாரு கொடுத்தது?"

மலர்க்கொடி சொன்னார்.

அவர் இலையில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டார். மறுசோறு கேட்டு வாங்கி அதையும் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுக் கொல்லையில் போய் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றவர், மலர்க்கொடி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார். குஞ்சம்மாளுக்கு எடுத்துப்போனபோது, "வேணாம், பசிக்கல" என்றார். பிறகு யாரும் பார்க்காதபோது சாப்பிட்டிருந்தார். மலர்க்கொடி கடைசியாகச் சாப்பிட்டார். குழம்பு ஊற்றாமல் வெறும் சோற்றையே ஒரு கவளம் வாயில் வைத்தார்.

"நல்லா இருந்துச்சு" என்றார் என்னிடம். "அப்புடி ஒரு சோறு அதுக்கு முன்னாடியும் தின்னதில்ல, பின்னாடியும் தின்னதில்ல. மறுநா மத்தியானம் வரைக்கும் கெடல. ஒரு மரக்கா அரிசி, பதினோரு நாள் வந்துச்சு. தெனமும் நெனப்பேன், போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வரணும், அக்கா, அரிசி நல்லா இருந்துச்சுக்கான்னு. வேற எதுவும் பேச வேணாம், மன்னிப்பு கின்னிப்பு ஒன்னும் வேணாம், அரிசி நல்லா இருந்துச்சுன்னு மட்டும்."

"போய்ச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க போறது. அப்பாவும் அம்மாவும் அந்த வருசமே ஒன்னு பின்னால ஒன்னு போயிட்டாங்க. அண்ணன் திருப்பூருக்குப் போயிட்டான். அந்த ஊர்ல எனக்குன்னு யாரு இருக்கா? இவ பொறந்தா, அப்பறம் மாமியாளுக்கு முடியல, அப்பறம் மாடு கன்னு. இருவது வருசம் ஓடிடுச்சு."

"அவங்க இப்பவும் அங்கதான் இருக்காங்களா?"

"இருக்கு. அதே வயலு, அதே வூடு. தனியாத்தான் இருக்கு. நல்லா வெளயுதுன்னு சொல்லிக்கிறாங்க." அவர் முறத்திலிருந்த உளுந்தை டப்பாவில் கொட்டினார். "போலாம்தான். தூரம் வேற ரொம்ப."

அதற்குள் வாசலில் சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது. மலர்க்கொடி எழுந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டீங்களா?" என்று கேட்டபடி வெளியே போனார்.

விடுதிக்குத் திரும்பிய பிறகு கைபேசி வரைபடத்தில் மணலோடையையும் சித்தேரிக்குடியையும் போட்டுப் பார்த்தேன். இரண்டு கிலோமீட்டர் நானூறு மீட்டர். நடந்து போனால் முப்பத்தோரு நிமிடம்.